கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்: பழைய கார் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெவ்வேறு வண்டிகளைப் பற்றியவை என்றாலும், கோளாறு ஏறக்குறைய ஒன்றுதான்: கார்புரேட்டரில் கலக்கும் காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் கணக்கில் வராத காற்று நுழைவது. பட்டறைகளில் இதை 'ஏர் பிடிக்குது' என்பார்கள். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1977-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3. பெட்ரோல் எஞ்சின், எஸ்.யூ. கார்புரேட்டர். காலையில் சோக் இழுத்தால் ஒழுங்காகக் கிளம்புகிறது. சோக்கை உள்ளே தள்ளியதும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி ஏறி இறங்குகிறது. ஐடிலிங் திருகைக் கூட்டினால் ரேஸ் ஆகிவிடுகிறது, குறைத்தால் அணைந்துவிடுகிறது. சாலையில் வேகமாகப் போகும்போது குறையொன்றும் தெரியவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் மட்டும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. மெக்கானிக் பெட்ரோல் கலவையைப் பலமுறை மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, இனி கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?
— காரைக்குடி வாசகர்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் இரண்டு, கோளாறு கார்புரேட்டருக்கு வெளியே இருக்கிறது என்பதை வலுவாகக் காட்டுகின்றன. சோக் போட்டால் சரியாக ஓடுகிறது என்றால், எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கிடைக்கும்போது அது அமைதியடைகிறது என்று பொருள். அதாவது சாதாரண நிலையில் கலவையில் காற்று மிகுந்திருக்கிறது. வேகமாகப் போகும்போது குறை மறைந்துவிடுகிறது என்பது, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதையே சொல்லிவிடுகிறது.

ஐடிலிங்கில், ஆக்சிலரேட்டருக்கேற்பத் திறந்து மூடும் கார்புரேட்டரின் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் மேனிஃபோல்டுக்குள் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை வெற்றிடம் உண்டாகும். எஞ்சினுக்குள் செல்லும் மொத்தக் காற்றே அப்போது மிகக் குறைவு. அந்த நிலையில், இணைப்புகளில் காற்று புகாமல் அடைக்கும் பேக்கிங்கில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும், அதன் வழியே உறிஞ்சப்படும் காற்று மொத்தத்தில் கணிசமான பங்காகிவிடும். பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டர் தன் வழியாகச் செல்லும் காற்றுக்குத்தான் பெட்ரோல் அளந்து கொடுக்குமே தவிர, பக்கவாட்டில் நுழையும் காற்று அதன் கணக்கில் வராது. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் வெற்றிடம் பெரும்பாலும் இல்லாமல் போகிறது, கார்புரேட்டர் வழியே செல்லும் காற்றோ பன்மடங்காகிறது. கசிவு இருந்த இடத்திலேயே இருந்தாலும் அதன் விளைவு தெரியாமல் போகும். ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் கேட்கும் வெடிப்பும் இதோடு சேர்ந்ததே: காற்று மிகுந்த கலவை சிலிண்டரில் எரியாமல் வெளியேறி, சூடான எக்ஸாஸ்ட் குழாயில் போய்த் தீப்பற்றுகிறது.

உங்கள் மெக்கானிக் செய்ததுபோலக் கலவையில் பெட்ரோலைக் கூட்டி இதைச் சமாளிப்பது, குடத்தின் ஓட்டையை அடைக்காமல் கிணற்றில் கூடுதலாக இறைப்பதற்கு ஒப்பானது. ஐடிலிங் ஓரளவு நிற்கும். ஆனால் கசிவின் விளைவு இல்லாத வேகங்களில் அதே கூடுதல் பெட்ரோல் பிளக்குகளில் கரியாகப் படியும், மைலேஜைக் குறைக்கும், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலையும் கழுவிவிடும். எனவே கசிவு கண்டுபிடிக்கப்படும்வரை எந்தத் திருகையும் தொட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

உத்தர்பாராவில் தயாரான உங்கள் வண்டியின் 1489 சிசி எஞ்சின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் அமைப்பில் கசிவைத் தேடுபவருக்கு உதவும் ஒரு தன்மை உண்டு. நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு உள்வழிகள் இல்லாமல், சிலிண்டர் ஹெட்டில் இரண்டே இரண்டு உள்வழிகள்தான் இருக்கின்றன. 1, 2 ஆகிய சிலிண்டர்கள் ஒன்றையும், 3, 4 ஆகியவை மற்றொன்றையும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே வேறு எதையும் கழற்றுவதற்கு முன், எஞ்சினின் மறுபக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசை மாறாமல் ஒரு பலகையில் வையுங்கள். முதல் இரண்டின் பீங்கான் நுனி சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தும், பின் இரண்டும் இளம்பழுப்பாகவும் இருந்தால், முன்பக்க உள்வழியின் பேக்கிங்கில்தான் காற்று நுழைகிறது. நான்குமே வெளுத்திருந்தால், கசிவு எல்லாருக்கும் பொதுவான இடத்தில், அதாவது கார்புரேட்டர் அமரும் இடத்திலோ, த்ராட்டில் தட்டைத் தாங்கும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டிலிலோ இருக்க வாய்ப்பு அதிகம். பிளக்குகளைப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனாலும் பலரும் இதைச் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்து ரப்பர் குழாய்கள். வண்டியில் பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பிரேக் சர்வோ இருந்தால், மேனிஃபோல்டிலிருந்து அதற்குப் போகும் தடித்த குழாயை, தாடைகளில் துணி சுற்றிய பிளையரால் எஞ்சின் ஓடும்போதே ஒரு கணம் நசுக்கிப் பிடியுங்கள். ஐடிலிங் உடனே சீரானால், குற்றவாளி அந்தக் குழாயோ சர்வோவின் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வான டயஃப்ரமோதான். கார்புரேட்டரிலிருந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் இணைப்புகளையும் பாருங்கள். எஸ்.யூ.வில் அந்தத் துளை த்ராட்டில் தட்டின் விளிம்பருகே இருப்பதால், அங்கு ஏற்படும் கசிவு ஐடிலிங்கைவிட, ஆக்சிலரேட்டரை இலேசாக மிதிக்கும் கட்டத்தில்தான் தடுமாற்றமாகத் தெரியும்.

குழாய்கள் நன்றாக இருந்தால் பேக்கிங்குகளைச் சோதிக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சந்தேகப்படும் இடத்தில் பெட்ரோலைத் தெளித்து, எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பி-சீரிஸ் எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே தெளிக்கும் பெட்ரோல் சொட்டும் இடம், கொதிக்கும் வார்ப்பிரும்பு. டப்பாவில் விற்கும் கார்புரேட்டர் கிளீனரும் பெரும்பாலும் தீப்பற்றக்கூடியதே. ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. பெட்ரோல் ஆவி இருக்கக்கூடிய இடத்துக்குக் கனலைக் கொண்டுபோகும் அந்த முறையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்பான வழி எளிமையானது. எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, ஐடிலிங் திருகைச் சற்றுக் கூட்டி, சோக் இல்லாமல் நிற்கும்படி செய்யுங்கள். மேனிஃபோல்ட் சூடேறுவதற்கு முன், கைத் தெளிப்பானில் உள்ள தண்ணீரை மெல்லிய பனிபோல ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் விளிம்பில் முன்னிருந்து பின்னாகத் தெளித்துக்கொண்டே வாருங்கள். கசிவு உள்ள இடத்தில் தண்ணீர் அந்த இடைவெளியை ஒரு கணம் அடைக்கும். எஞ்சினின் ஓசை மாறும், சீறல் நின்று மீண்டும் தொடங்கும். தண்ணீரில் தெளிவாகத் தெரியவில்லை என்றால், ஆயில் கேனால் ஓரிரு சொட்டு எஞ்சின் ஆயிலை இணைப்பின் மேல்விளிம்பில் விட்டாலும் அதே விளைவு கிடைக்கும். இரண்டையும் மேனிஃபோல்ட் சூடான பிறகு செய்யக் கூடாது; சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், ஆயில் பட்டால் புகைந்து எரியலாம். சுமார் அரை மீட்டர் நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை இணைப்பின் ஓரமாக நகர்த்திக் கேட்பதும் நல்ல துணை. கசிவு எஞ்சின் சூடான பிறகே திறக்கும் வகையாக இருந்தால், புதிய கார்களைப் பார்க்கும் பட்டறைகளில் உள்ள புகைக் கருவியை நாடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு மிகக் குறைந்த அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்தினால், அது வெளிவரும் இடம் கண்ணுக்கே தெரியும்.

பேக்கிங்தான் என்று உறுதியானால், வேலை கடினமானதன்று. பொறுமை மட்டும் வேண்டும். பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றுங்கள். முதல் நாள் இரவே மேனிஃபோல்ட் நட்டுகள் அனைத்துக்கும் துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். ஏர் கிளீனர், பெட்ரோல் குழாய், சோக் கேபிள், த்ராட்டில் இணைப்பு ஆகியவற்றை எடுத்துவிட்டுக் கார்புரேட்டரை நேராக வைத்தபடியே கழற்றுங்கள். சாய்த்தால் அதன் மேற்பகுதியில் உள்ள டேஷ்பாட் என்ற அறையின் ஆயில் கொட்டிவிடும். எக்ஸாஸ்ட் குழாயின் இணைப்பையும் விடுவித்தாக வேண்டும். மேனிஃபோல்ட் நட் இறுகியிருந்தால் பலம் கொண்டு திருப்பாமல், சிறிது இறுக்கிப் பின் தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்தே எடுக்க வேண்டும். நட் ஏறும் மரைத்தண்டு (ஸ்டட்) ஹெட்டுக்குள் ஒடிந்துவிட்டால், அரை நாள் வேலை பல நாள் வேலையாகிவிடும்.

கழற்றிய பழைய பேக்கிங்கைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக அழுந்தியிருந்த இடங்களில் துளையைச் சுற்றி மேனிஃபோல்டின் விளிம்பு ஆழமாக, ஒரே சீரான வளையமாகப் பதிந்திருக்கும். காற்று நுழைந்த இடத்தில் அந்தப் பதிவு மங்கியிருக்கும். சில வேளைகளில் வெளிவிளிம்பிலிருந்து துளைவரை தூசி படிந்த ஒரு மெல்லிய கோடே தெரியும். எக்ஸாஸ்ட் துளைகளின் ஓரத்தில் கரிக்கோடு இருந்தால் அங்கும் கசிந்திருக்கிறது. அந்தப் பதிவு மேனிஃபோல்டின் எந்த முனை தூக்கிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

ஹெட்டின் உள்வழிகளில் சுத்தமான துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுங்கள். பிறகு ஒரு எஃகு நேர்ச்சட்டத்தை மேனிஃபோல்டின் முகப்பில் நீளவாக்கில் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தால் முகப்பு வளைந்துவிட்டது என்று கொள்ளலாம். எக்ஸாஸ்ட் பகுதி ஒவ்வொரு முறையும் கடுஞ்சூட்டில் விரிந்து குளிர்ந்து சுருங்குவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த வளைவு வருவது இயல்பே. வளைந்த முகப்பில் புதுப் பேக்கிங் போட்டால் சில வாரங்களில் பழைய நிலையே திரும்பும். லேத் பட்டறையில் முகப்பைச் சமன்செய்யக் கொடுக்கும்போது, இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து, இரண்டின் முகப்பும் ஒரே தளத்தில் அமையும்படி செய்யச் சொல்லுங்கள். ஒரே பேக்கிங்கின் மேல்தான் இரண்டும் அமர்கின்றன. ஒன்று சற்றே தள்ளி நின்றாலும் மற்றொன்று அழுந்தாது.

புதிய பேக்கிங்கை எந்தப் பசையும் இல்லாமல் உலர்வாகவே பொருத்துங்கள். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களை நோக்கி, ஒரே மூச்சில் அல்லாமல் மூன்று சுற்றுகளாக இறுக்குங்கள். பி-சீரிஸ் எஞ்சின்களின் மேனிஃபோல்ட் நட்டுகளுக்குரிய அளவு 15 பவுண்டு-அடி, அதாவது சுமார் 20 நியூட்டன் மீட்டர். கை பலத்தில் இறுக்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுகிறார்கள். எஞ்சினை நன்கு சூடேற்றி, முழுவதும் குளிரவிட்டு, மறுபடி ஒருமுறை அதே அளவுக்குச் சரிபாருங்கள். புதிய பேக்கிங் முதல் சூட்டில் சற்று அமரும். இந்த இரண்டாம் இறுக்கலை விட்டுவிடுவதால்தான் பல நல்ல பழுதுபார்ப்புகள் ஒரு மாதத்தில் வீணாகின்றன.

கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நடுவில் உள்ள பேக்கலைட் தடுப்பின் இருபுறமும் தனித்தனிப் பேக்கிங் வேண்டும். இரு நட்டுகளையும் மிகையாக இறுக்கியே பழக்கப்பட்ட வண்டிகளில், நட்டுகள் ஏறும் கார்புரேட்டரின் இரு காதுகளும் மேனிஃபோல்டை நோக்கி வளைந்து நடுப்பகுதி குழிந்திருக்கும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் கார்புரேட்டர் முகப்பை வைத்து அசைத்தாலே ஆட்டம் தெரியும். அதே கண்ணாடியில் மெல்லிய உப்புத்தாளை ஒட்டி, எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்தால் சமமாகிவிடும்.

இவை அனைத்தும் முடிந்த பின்னரே ட்யூனிங். முதலில் ஐடிலிங் கட்டாயம் ஏறியிருக்கும், அதைக் குறையுங்கள். மெக்கானிக் கூட்டி வைத்த பெட்ரோலையும், பெட்ரோல் வெளிவரும் துளையான ஜெட்டுக்குக் கீழுள்ள நட்டை மேல்நோக்கித் திருகிக் குறைக்க வேண்டியிருக்கும். எஸ்.யூ.வில் கலவையைச் சரிபார்க்க, கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு இலேசாக உயர்த்துங்கள். வேகம் கணநேரம் ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. ஏறியபடியே நின்றால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் அணையப் போனால் பெட்ரோல் போதவில்லை.

கேள்வி: மேனிஃபோல்டின் வெற்றிடத்தை அளக்கும் வாக்குவம் கேஜ் ஒன்று வாங்கி என் பழைய பத்மினி காரில் பொருத்திப் பார்த்தேன். ஐடிலிங்கில் முள் 12 அங்குலத்தில் அசையாமல் நிற்கிறது. கேஜுடன் வந்த தாளில் 17-க்குக் கீழே இருந்தால் மேனிஃபோல்ட் கசிவு என்று அச்சிட்டிருக்கிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?
— உதகமண்டலம் வாசகர்

பதில்: பிரிக்க வேண்டியதில்லை. அந்தத் தாளில் உள்ள எண்கள் கடல்மட்டத்துக்கானவை. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் கேஜ் காட்டும் அளவு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். உதகை ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் 12-உடன் ஏழைக் கூட்டினால் 19. நலமாக உள்ள எஞ்சினின் அளவு அதுதான். அதே கேஜை மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிய பிறகு பாருங்கள், முள் தானே உயர்ந்திருக்கும்.

எண்ணைவிட முள்ளின் நடத்தையே பெரிய செய்தி. முள் அசையாமல், ஆனால் இருக்க வேண்டிய இடத்துக்கு வெகுகீழே நின்றால் மேனிஃபோல்ட் கசிவையோ, இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருப்பதையோ சந்தேகிக்கலாம். ஒரே சீரான இடைவெளியில் வெடுக்கென்று விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. அதற்கு எத்தனை பேக்கிங் மாற்றினாலும் பயன் இல்லை. மலையில் காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் கொடுக்கும் கலவையில் பெட்ரோல் விகிதம் தானாகவே சற்றுக் கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்து கலவையை மிகவும் குறைத்து வைத்த வண்டி, சமவெளிக்கு வந்ததும் காற்று மிகுந்த கலவையில் ஓடும். அப்போது இல்லாத கசிவைத் தேட நேரும்.

கேள்வி: தந்தையார் வைத்திருந்த 1958-ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார் இன்னும் எங்களிடம் உள்ளது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். மேனிஃபோல்ட் பேக்கிங், கார்புரேட்டர் பேக்கிங் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. ஆனாலும் ஐடிலிங் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி நிற்கிறது. என்ன காரணம்?
— யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: பெட்ரோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில், கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டி இத்தகைய கார்களை உயிரோடு வைத்திருந்தவர்களின் கைத்திறன் மதிப்புக்குரியது. உங்கள் இப்போதைய குறைக்கு அந்த எரிபொருளைக் காரணமாகச் சொல்ல முடியாது. 'ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி' என்று நீங்கள் எழுதியதுதான் முக்கியமான தடயம். பேக்கிங் கசிவு பொதுவாக ஒரே அளவில் இருக்கும். மாறிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் த்ராட்டில் ஸ்பிண்டிலின் தேய்மானம்.

அந்தத் தண்டைத் திருப்பி மூடும் சுருள்வில் எப்போதும் ஒரே பக்கமாக இழுப்பதால், பல்லாண்டுகளில் கார்புரேட்டர் உடலில் உள்ள துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகிவிடும். அந்த இடைவெளி வழியே காற்று நுழைவது ஒரு குறை. ஒவ்வொரு முறை மூடும்போதும் தட்டு வேறு வேறு இடத்தில் அமர்வது இன்னொரு குறை. எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்டின் முனையை விரல்களால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் ஐயத்துக்கு இடமில்லை. ஓடும் எஞ்சினில் தண்டின் ஓரத்தில் ஒரு துளி ஆயில் விட்டால் அது உள்ளே இழுக்கப்பட்டு ஐடிலிங் சில நொடிகள் அமைதியாகும்.

புதுத் தண்டை மட்டும் வாங்கிப் போட்டுத் திருப்திப்பட்டுவிட வேண்டாம். துளையும் தேய்ந்திருந்தால், நல்ல லேத் வேலைக்காரரிடம் கொடுத்து இருபுறமும் ஒரே நேர்கோட்டில் துளையிட்டு, வெண்கல புஷ் (துளைக்குள் செருகும் உருளை உறை) இட்டு, புதுத் தண்டுக்கு அளவாகக் கடைந்து வாங்க வேண்டும். தட்டைப் பொருத்தும்போது அதன் இரு திருகுகளையும் முழுதும் இறுக்காமல், தண்டை ஒன்றிரண்டு முறை சட்டென மூடித் தட்டு தானே நடுவில் அமரவிட்டு, பிறகு இறுக்குங்கள். அந்தத் திருகுகளின் பிளவுபட்ட நுனிகளைச் சற்று விரித்துவிட மறக்கக் கூடாது. கழன்றால் அவை நேராகச் சிலிண்டருக்குள்தான் போகும்.

கேள்வி: மேனிஃபோல்ட் பேக்கிங் கிடைக்காத வண்டிக்குச் சிலிக்கான் பசையை மட்டும் தடவி இறுக்கலாமா?
— மதுரை வாசகர்

பதில்: கூடாது. சாதாரணச் சிலிக்கான் பசை பெட்ரோல் பட்டால் ஊறி, மென்மையாகி, துண்டு துண்டாக உரிந்து உள்ளே போகும். எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூட்டையும் அது தாங்காது. தாளையோ எஃகு உறையிட்ட பேக்கிங் தகட்டையோ வாங்கி, பழைய பேக்கிங்கையே அச்சாக வைத்து வெட்டிக்கொள்வது எந்த ஊரிலும் இயலக்கூடியதுதான். உள்வழியின் துளையை மேனிஃபோல்டின் துளையைவிடச் சிறிதும் சிறியதாக வெட்டிவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் துளைகளும் சேர்ந்த பேக்கிங்கிற்கு வெறும் தாள் போதாது. சூட்டைத் தாங்கும் தகடே வேண்டும்.

கேள்வி: இங்கே நான் வாங்கிய 1967-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. காருக்குப் புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போட்டதிலிருந்து, இன்டேக் பக்கத்தில் சீறும் சத்தம் கேட்கிறது. இருமுறை பேக்கிங் மாற்றியும் பயனில்லை.
— லண்டன் ஹாரோ பகுதி வாசகர்

பதில்: எம்.ஜி.பி.யின் 1798 சிசி எஞ்சினும் அம்பாசடர் எஞ்சினின் அதே பி-சீரிஸ் குடும்பம்தான். உங்கள் வண்டியில் இன்டேக் மேனிஃபோல்ட் அலுமினியம், எக்ஸாஸ்ட் வார்ப்பிரும்பு, இரண்டும் தனித்தனி. சில ஸ்டட்களில் ஒரே தடித்த பெரிய வாஷர், பாதி இன்டேக்கின் விளிம்பிலும் பாதி எக்ஸாஸ்டின் விளிம்பிலும் அமர்ந்து இரண்டையும் அழுத்துகிறது. புதிதாக வாங்கிய எக்ஸாஸ்டின் விளிம்பு பழையதைவிட ஒரு மில்லிமீட்டர் தடித்திருந்தாலும், வாஷர் சாய்ந்து எக்ஸாஸ்டை மட்டும் அழுத்தும். இன்டேக் தளர்வாகவே நிற்கும். எத்தனை முறை பேக்கிங் மாற்றினாலும் இது தீராது. இரண்டு விளிம்புகளின் தடிமனையும் கேலிப்பரால் அளந்து, தடித்ததைக் கடைந்து சமமாக்குங்கள். வளைந்துபோன பழைய வாஷர்களையும் மாற்றிவிடுங்கள்.

அந்த ஆண்டு வண்டிகளில் எஞ்சினின் ஆவியை மேனிஃபோல்டுக்குள் இழுக்கும் வட்டவடிவ வால்வு ஒன்றும் மேனிஃபோல்டோடு இணைந்திருக்கும். அதன் உள்ளே உள்ள ரப்பர் டயஃப்ரம் கிழிந்தால் வெளிக்காற்று நேராக உள்ளே நுழையும். சீறல் பேக்கிங்கிலிருந்து வருவதுபோலவே கேட்கும். அந்தக் குழாயைக் கழற்றி, மேனிஃபோல்ட் பக்கத்துத் துளையைத் தற்காலிகமாக அடைத்துப் பார்த்தால் ஓரிரு நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். வாஷர்களைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டியின் பிளக்குகள் நான்கும் வெளுத்துவிட்டன. தண்ணீர் தெளித்துப் பார்த்தும் கசிவு எங்கும் தெரியவில்லை. கசிவு இருக்கிறதா, இல்லையா?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: நீங்கள் சோதித்த முறை சரியானது என்றால், கசிவு இல்லை என்றே கொள்ளலாம். எத்தனாலில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்று, 14.7 பங்கிலிருந்து சுமார் 13.5 பங்காகக் குறைந்துவிடுகிறது. வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உங்கள் வண்டி தயாரானபோது கலப்பில்லாத பெட்ரோலுக்கென அளவிடப்பட்ட ஜெட், இன்று அதே அளவு எரிபொருளைத்தான் விடுகிறது. எஞ்சினுக்கோ கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதனால் உண்டாகும் காற்று மிகுதியும் பிளக்கில் வெளுப்பாகவே தெரியும்.

இரண்டையும் பிரித்தறியும் வழி இதுதான். மேனிஃபோல்ட் கசிவு ஐடிலிங்கில் வாட்டும், வேகத்தில் மறையும். எரிபொருளால் வரும் குறை எல்லா வேகத்திலும் இருக்கும். மேட்டில் ஏறும்போதும், நெடுஞ்சாலையில் நன்றாக மிதிக்கும்போதும் இழுவை குறைந்து, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகும். அப்படியானால் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஓரளவு பெரிதாக மாற்றுவதே தீர்வு. இந்த நிலையில் கார்புரேட்டரின் அளவை மாற்றுவது நியாயமானது.

ஆனால் வேறொன்றையும் பார்க்க வேண்டும். எத்தனால் பழைய ரப்பரையும் கார்க்கையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். பேக்கிங் பசையாகப் பூசப்படும் ஷெல்லாக் (அரக்கு) எத்தனாலில் கரையக்கூடியது. பெட்ரோல் குழாய்கள், கார்புரேட்டருக்குள் உள்ள ரப்பர் பாகங்கள், கார்க் பேக்கிங்குகள் ஆகியவற்றை எத்தனாலைத் தாங்கும் வகைகளாக மாற்றிவிடுங்கள். ஷெல்லாக் பூசிப் பொருத்திய பேக்கிங் உங்கள் மேனிஃபோல்டில் இருந்தால், இன்று கசிவு இல்லாவிட்டாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை தண்ணீர்ச் சோதனையைச் செய்து பாருங்கள்.